சொன்னார், சொன்னாராம், அருளினார்

பிறருடைய கருத்தை எழுத்தில் எடுத்தாளும்போது அதை அவரோடு சேர்த்துக் கட்ட ஒரு வினைச்சொல் வேண்டும். தமிழில் சொன்னார், கூறினார், தெரிவித்தார், வாதிட்டார், சுட்டிக்காட்டினார் என்று பல உண்டு. ஆங்கிலத்தில் ‘சே’, ‘ஸ்டேட்’, ‘ஆர்க்யூ’, ‘க்ளெய்ம்’, ‘அட்மிட்’, ‘பொயின்ட் அவுட்’ என்று பட்டியல் இன்னும் நீளும். இலக்கணத்துக்கு இவை எல்லாம் ஓரினம். பொருளைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. ‘சுட்டிக்காட்டினார்’ என்று எழுதுபவர், சுட்டப்பட்ட செய்தி உண்மை என்று தாமும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். இல்லாததை எவரும் சுட்ட முடியாது. ‘ஒப்புக்கொண்டார்’ என்றால் செய்தி உண்மை, சொன்னவருக்கு அது சங்கடமும்கூட. ஆங்கில ‘க்ளெய்ம்’ இதற்கு நேரெதிர்: அவர் அப்படிச் சொல்கிறார், உறுதி செய்வது என் வேலை இல்லை என்று எழுதுபவர் விலகி நிற்கிறார். ‘சொன்னார்’ ஒன்றுதான் எந்தப் பக்கமும் சாயாமல் நிற்பது. ஆக, எடுத்தாளும் வினை ஒவ்வொன்றும் சொன்னவரைப் பற்றி ஒரு செய்தியையும் எழுதுபவரைப் பற்றி இன்னொன்றையும் சேர்த்தே தருகிறது.

சமயத்தில் இது நடைச் சிக்கலோடு நிற்பதில்லை. உலகின் சமய நூல்களிற் பெரும்பகுதி, யாரோ சொன்னதை வேறு யாரோ கேட்டு மற்றொருவர் எழுதிவைத்தது. அப்படி வந்த சொல்லால் ஒருவர் எதையும் ‘அறிந்தார்’ எனலாமா, நம்பினார் என்று மட்டும் நிறுத்திக்கொள்ள வேண்டுமா, தவறாகிவிட்டால் பொறுப்பு யாருடையது என்பவை பழைய தத்துவக் கேள்விகள். கொழும்பில் இவை புத்தகத்துக்குள் மட்டும் இருப்பவை அல்ல. கொட்டாஞ்சேனையிலும் அதை ஒட்டிய கொச்சிக்கடையிலும் புனித அந்தோனியார் தேவாலயம், பொன்னம்பலவாணேசர் கோயில், தீபதுத்தாராம விகாரை, பள்ளிவாசல்கள் எல்லாம் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ‘சொன்னார்’ என்பதற்கு வேறொரு வினை வழங்குகிறது. வெள்ளவத்தையில் ஆங்கில மொழிமூலம் படிக்கும் தமிழ்ப் பிள்ளை, அகராதியைப் பார்த்து, வள்ளுவர் ‘க்ளெய்ம்ஸ்’ என்று கட்டுரையில் எழுதிவிடுகிறது. வள்ளுவர் சொன்னதில் தனக்குச் சந்தேகம் என்று எழுதியிருப்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

தெரியாததற்குக் காரணம் தமிழிலேயே இருக்கிறது. பொறுப்பை விலக்கிக்கொள்ளத் தமிழனுக்குத் தனி வினை தேவைப்படுவதில்லை. ‘ஆம்’ என்ற ஒட்டு போதும். ‘வந்தான்’ என்றால் சொல்பவருக்குத் தெரியும். ‘வந்தானாம்’ என்றால் கேள்விப்பட்டது. பிழையானால் சொன்னவரைக் கேளுங்கள். சிங்களத்தில் ‘லு’ இதே வேலையைச் செய்கிறது: ‘எயா எனவலு’ என்றால் அவர் வருகிறாராம். பாளியில் ‘கிர’, வடமொழியில் ‘கில’. கொழும்பின் இரண்டு வீட்டு மொழிகளிலும் உள்ள இந்த ஒட்டு ஆங்கிலத்தில் இல்லை. அங்கே ‘ரிப்போர்ட்டட்லி’ என்ற வினையடையைத் தேட வேண்டும். அல்லது, அந்த ஐயத்தை வினைக்குள்ளேயே புதைக்க வேண்டும். ஆங்கிலத்தில் எடுத்தாளும் வினைகள் இவ்வளவு பெருகியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

‘ஆம்’ எங்கே வரும், எங்கே வராது என்பதும் கவனிக்கத்தக்கது. ஒரு ஊரில் ஒரு ராசா இருந்தாராம் என்று பாட்டி தொடங்குவாள். ஈழத்துக் கோயில்களில் நடக்கும் புராண படனத்தில் ஒருவர் பாட்டை வாசிக்க மற்றவர் பயன் சொல்வார். பயன் சொல்பவர், ‘சிவபெருமான் காட்சி கொடுத்தாராம்’ என்று ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும். சபை நிமிர்ந்து பார்க்கும். இரண்டுமே கேட்டறிந்த கதைகள்தாம். பாட்டியின் கதைக்குப் பொறுப்பேற்க ஆளில்லை, புராணத்துக்கு உண்டு.

இந்த வேறுபாட்டைத் தமிழ் அளவை நூல்கள் பெயரிட்டே பிரித்தன. அறிவு வரும் வழிகளை அளவை என்பர். மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி பத்து அளவைகளை எண்ணுகிறான். அவற்றில் ஆகமமும் ஒன்று, ஐதிகமும் ஒன்று. இரண்டும் பிறர் வாய்ச் சொல்லால் வருபவை. ஆகமத்துக்குச் சொன்னவர் உண்டு. ஐதிகம் ஊர் சொல்வது. இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்பது அதற்கு அந்நூல் தரும் எடுத்துக்காட்டு. ‘இருக்கிறதாம்’ என்றால் ஐதிகத்தின் இலக்கண வடிவம் கிடைத்துவிடுகிறது. இரண்டு காதை கழித்து அறவண அடிகள் பௌத்த அளவையைச் சொல்லும்போது பத்தும் இரண்டாகிவிடுகின்றன: காண்டலும் கருதலும். மற்றவை கருதலுள் அடங்கும். அதாவது, பெரியவர் சொன்னார் என்பது தானாக அறிவாகாது; அவர் நம்பத்தக்கவர் என்று நாம் ஊகித்தால்தான் ஆகும்.

சைவ சித்தாந்தம் இதற்கு உடன்படவில்லை. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் ஆறு, பத்து என்று பிறர் கொண்ட கணக்குகளைச் சொல்லிவிட்டு, எல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுள் அடங்கும் என முடிக்கிறார். உரை தனி அளவையாகவே நிற்கிறது. நியாய சூத்திரக்காரரும் நம்பத்தக்கவன் உபதேசத்தைத் தனிப் பிரமாணமாகக் கொண்டவர். அதற்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் ஒரு படி மேலே போய், நம்பத்தக்கவன் என்ற இலக்கணம் முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் ஒன்றே என்றார். வேதத்தைக் காக்க வந்த கொள்கை, சந்தையில் வழி சொல்பவனுக்கும் இடம் கொடுத்துவிட்டது. மீமாம்சகர் வழி இன்னும் வினோதமானது. வேதத்துக்கு ஆசிரியனே இல்லை என்பது அவர் கொள்கை. ஆகவே ‘வேதத்தில் இன்னார் சொன்னார்’ என்ற வாக்கியத்துக்கு எழுவாய் கிடையாது. கேட்டல் மட்டும் உண்டு, சொல்லல் இல்லை. சுருதி என்ற பெயரும் கேட்கப்பட்டது என்றுதான் பொருள்படும்.

ஐரோப்பாவில் இதே கேள்வியை டேவிட் ஹியூம் 1748இல் அற்புதங்கள் பற்றிய கட்டுரையில் எழுப்பினார். சாட்சியை நம்புவது, சாட்சிகள் பெரும்பாலும் மெய் சொல்வதை நாம் கண்ட அனுபவத்தால்தான் என்றார். அறவண அடிகளுக்கு இது புதிதாக இருந்திராது.

பௌத்தம் பிறர் சொல்லைத் தனி அளவையாக ஏற்காவிட்டாலும், அதன் சூத்திரங்கள் தொடங்குவதே ஓர் எடுத்தாளும் வாக்கியத்தோடுதான்: ஏவம் மே ஸுதம், ‘என்னால் இவ்வாறு கேட்கப்பட்டது’. சொல்பவர் ஆனந்த தேரர். இராசகிருகத்தில் கூடிய முதற் சங்கீதியில் அவர் ஓதினார் என்பது மரபு. புத்தர் சொன்னார் என்று அவர் தொடங்கவில்லை. தம் காதிலிருந்து தொடங்குகிறார். ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுர மகாவிகாரையில் இருந்து உரை எழுதிய புத்தகோசர் இந்த மூன்று சொற்களுக்குப் பக்கம் பக்கமாக விளக்கம் தருகிறார். இது நான் உண்டாக்கியது இல்லை, பகவானின் முன்னிலையில் கேட்டது என்று ஆனந்தர் தம் உரிமையை மறுத்துக்கொள்வதாக அவர் காண்கிறார். பொறுப்பை விலக்கும் சொல்லே இங்கே நம்பிக்கைக்கு அடித்தளமாகிறது. கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், மாத்தளைக்கு அருகே அலுவிகாரையில் இந்த நூல்கள் ஏட்டில் ஏறின. அப்போதும் ‘கேட்கப்பட்டது’ என்பதை ‘எழுதப்பட்டது’ என்று மாற்றவில்லை. ஏட்டைப் படிப்பவரும் காதால் கேட்பவர் நிலையிலேயே வைக்கப்பட்டார்.

கேட்டதாகச் சொல்பவரையெல்லாம் நம்புவதா? மகாபரிநிப்பான சுத்தத்தில் இதற்கு ஒரு நடைமுறை உண்டு. ஒரு துறவி வந்து, பகவானின் வாயிலிருந்தே கேட்டேன் என்கிறார். அல்லது சங்கத்திடமிருந்து, பல தேரர்களிடமிருந்து, ஒரே ஒரு தேரரிடமிருந்து கேட்டேன் என்கிறார். நான்கு இடத்திலும் விதி ஒன்றே: புகழவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம், சூத்திரத்தோடும் விநயத்தோடும் ஒப்பிட்டுப் பார். சொன்னவரின் பெயர் எவ்வளவு பெரியது என்பது சோதனையிலிருந்து விலக்குத் தரவில்லை. அங்குத்தர நிகாயத்தின் காலாம சூத்திரம் நம்புவதற்குப் போதாத காரணங்கள் என்று பத்தைச் சொல்கிறது. அவற்றுள் ஒன்று ‘இதிகிரா’. ‘இதி’ என்றால் இவ்வாறு. ‘கிர’ முன்னே பார்த்த அதே ஒட்டு. ‘அப்படியாம்’ என்பதை வைத்து ஒன்றையும் ஏற்காதே என்று அதைத் தமிழாக்கினால் ஒரு சொல்லும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஹதீஸ் கலை இவை எல்லாவற்றையும் விட நுணுக்கமானது. நபிமொழி ஒவ்வொன்றும் அறிவிப்பாளர் சங்கிலியோடு வரும். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் ஒரு வினை இணைக்கும், அந்த வினையும் எடைபோடப்படும். ‘ஸமிஃது’ என்றால் நானே கேட்டேன். ‘ஹத்தஸனா’ என்றால் எங்களுக்கு எடுத்துச் சொன்னார். ‘அன்’ என்றால் ‘இன்னாரிடமிருந்து’ மட்டுமே. நேரே கேட்டாரா, இடையில் ஒருவர் விடுபட்டாரா என்பது தெரியாது. இடையிலுள்ள பலவீனமான ஆளை மறைக்க ‘அன்’ வசதியானது என்பதை அறிஞர் கண்டுகொண்டு, அந்தப் பழக்கம் உள்ளவரின் ‘அன்’ செல்லாது என்றனர். இதோடும் நிற்கவில்லை. ‘நபி சொன்னார்கள்’ என்ற செய்வினை உறுதி வடிவம். ‘நபியவர்களைப் பற்றி அறிவிக்கப்படுகிறது’ என்ற செயப்பாட்டுவினை நோயுற்ற வடிவம் என்று பெயரிட்டனர். பலவீனமான செய்திக்கு முதல் வடிவத்தைப் பயன்படுத்தலாகாது. 1277இல் மறைந்த இமாம் நவவி, நூலாசிரியர் பலர் இதைக் கவனிக்காமல் இரண்டையும் கலந்து எழுதுவதைக் கண்டித்தார். இலங்கை முஸ்லிம்களிற் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் பெரும் அறிஞர் அவர். இன்றைய ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி நூல் ‘ஷோ’ என்பதையும் ‘சஜெஸ்ட்’ என்பதையும் குழப்பாதே என்று மாணவருக்குச் சொல்வதும் இதே கண்டிப்புத்தான். நவவி கேட்டது மறுமைக்குப் பயந்து என்பதே வேறுபாடு.

கிறிஸ்தவத்தில் பவுல் தம் கணக்கைத் தனியே வைத்தவர். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஏழாம் அதிகாரத்தில் திருமணம் பற்றிப் பேசும்போது, ஒரு கட்டளை தம்முடையதில்லை, ஆண்டவருடையது என்கிறார். அடுத்ததைச் சொல்லும்போது, இது ஆண்டவர் சொன்னதில்லை, நான் சொல்வது என்கிறார். பிற்காலம் இரண்டையும் வேதவாக்கியம் என்று ஒரே அட்டைக்குள் வைத்துக் கட்டியது.

நான்கு சுவிசேஷங்களின் தலைப்பு இன்னொரு பாடம். கிரேக்கத்தில் அவை ‘கத்தா மத்தையோன்’, ‘கத்தா மார்க்கொன்’ என்பன. ‘கத்தா’ என்பது ‘படி’: நற்செய்தி ஒன்றே, இது மத்தேயுவின்படி. ஆங்கிலம் இதை ‘அக்கோர்டிங் டு’ என்று அப்படியே வைத்தது. தமிழில் அது மத்தேயு ‘எழுதின’ சுவிசேஷம் ஆயிற்று. கொச்சிக்கடையில் தமிழ்த் திருப்பலியிலும் மத்தேயு ‘எழுதிய’ நற்செய்தி என்றே வாசகம் அறிவிக்கப்படும். யார் வழி வந்த செய்தி என்று மட்டும் சொன்ன தலைப்பு, யார் எழுதியது என்று அறுதியிட்டுவிட்டது. இந்த நூல்களின் ஆசிரியர் யார் என்பது விவிலிய ஆய்வில் இரண்டு நூற்றாண்டுச் சர்ச்சை. தமிழ் வாசகர் அந்தச் சர்ச்சைக்குள் ஒரு விடையோடுதான் நுழைகிறார். மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ‘மத்தேயுவின்படி சுவிசேஷம்’ என்றால் தமிழ்க் காதுக்குப் பாதியில் நின்ற வாக்கியம்.

இந்த ‘அக்கோர்டிங் டு’வை எடுத்து அதன்மேல் மாடி கட்டியவர் கொழும்புத் தமிழர் ஒருவர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் (1851–1930) 1898இல் மத்தேயு சுவிசேஷத்துக்கு ஆங்கிலத்தில் விளக்கவுரை வெளியிட்டார். அப்போது அவர் இலங்கையின் சொலிசிட்டர் ஜெனரல். நூலின் தலைப்பைத் தமிழில் விரித்தால் இப்படி வரும்: மத்தேயுவின்படி இயேசுவின் நற்செய்தி, ஸ்ரீ பரானந்தரின் இறையனுபவ ஒளியில் ஆர். எல். ஹரிசனுக்கு விளக்கப்பட்டது. பரானந்தர் இராமநாதனே. ஹரிசன் அவருடைய மாணவி, பிற்பாடு மனைவி. ஒரு தலைப்பில் இயேசு, மத்தேயு, பரானந்தர், ஹரிசன் என்று நான்கு பேர். இதில் ‘எழுதியவர்’ என்று எவரையும் காணவில்லை. வழக்குரைஞராய்ப் பழகிய ஒருவருக்குச் சாட்சியம் யார் வழியாக வந்தது என்று அடுக்கிவைப்பது இயல்புதான். ஆயினும் பொறுப்பு எங்கே விழுகிறது என்று பார்த்தால் விடை தெளிவு: ‘இறையனுபவம்’ என்ற சொல் இராமநாதனை உரையாசிரியர் வரிசையிலிருந்து தூக்கி, சைவர் சொல்லும் உரை அளவையின் இடத்தில் இருத்துகிறது. இயேசு சொன்னதன் பொருளை ஆராய்ந்து கண்டேன் என்று அவர் சொல்லவில்லை. தாமும் அந்த நிலையைக் கண்டவர் என்ற முறையில் சொல்கிறார். 1902இல் யோவான் சுவிசேஷத்துக்கும் அவ்வாறே செய்தார். அதே மனிதர் 1907க்குப் பின் தந்தையார் கட்டிய பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கருங்கல்லில் எடுப்பித்ததையும் சேர்த்துப் பார்த்தால், சமயம் தாண்டிய இந்த உரிமைக் கோரலில் அவருக்குத் தயக்கமே இருக்கவில்லை என்பது விளங்கும்.

வெள்ளவத்தையில் இராமகிருஷ்ண மிஷன் நிலையம் போற்றும் நூலிலும் இதைப் போன்ற ஒரு நகர்வு உண்டு. மகேந்திரநாத் குப்தர் ‘ம’ என்ற ஒற்றை எழுத்துக்குள் ஒளிந்துகொண்டு வங்காளத்தில் வெளியிட்ட இராமகிருஷ்ண கதாமிருதத்தின் முகப்பில் ‘ஸ்ரீம கதித’ என்று இருக்கும்: ‘ம’ சொன்னது. 1942இல் நிகிலானந்தர் ஆங்கிலப்படுத்தியபோது அது ‘ரெக்கோர்டட்’, பதிவுசெய்தது என்றாயிற்று. சொன்னவர் என்றால் ‘ம’ கதைசொல்லி. பதிவுசெய்தவர் என்றால் கையில் பேனா பிடித்த சாட்சி மட்டுமே. ஆங்கில வினை அவரைத் தாழ்த்தியே அவர் நம்பகத்தை உயர்த்தியது. ஆனந்த தேரர் செய்ததும் இதுவே.

கொட்டாஞ்சேனையோடு தொடர்புள்ள இன்னொரு சங்கிலியும் இருக்கிறது. தீபதுத்தாராம விகாரையில் வாழ்ந்த மிகெட்டுவத்தே குணானந்த தேரர் 1873 ஆகஸ்டில் பாணந்துறையில் கிறிஸ்தவரோடு வாதிட்டார். அவர் பேசியது சிங்களம். அது ஆங்கிலத்தில் பத்திரிகைச் செய்தியாயிற்று. பீபிள்ஸ் என்ற அமெரிக்கர் தம் முன்னுரையோடு அதை நூலாக்கினார். அதைப் படித்துக் கவரப்பட்டே ஹென்றி ஒல்கொட் 1880இல் இலங்கைக்கு வந்ததாகச் சொல்வர். கேட்டவர், எழுதியவர், மொழிபெயர்த்தவர், பதிப்பித்தவர்: ஹதீஸ் அறிஞர் ஒருவர் இதைப் பார்த்தால் ஒவ்வொரு கண்ணியிலும் நின்று ‘ஹத்தஸனா’வா ‘அன்’னா என்று கேட்டிருப்பார்.

தமிழில் எடுத்தாளும் வினைக்கு இன்னொரு சுமையும் உண்டு: சொன்னவரின் படிநிலை. சம்பந்தர் தேவாரத்தை ‘எழுதினார்’ என்று சைவர் சொல்லார், அருளினார் என்பர். வைணவர் நாலாயிரத்துக்கு அருளிச்செயல் என்றே பெயர் வைத்தனர். புலவர் இயற்றுவார், உரையாசிரியர் உரைப்பார், இறைவன் திருவாய் மலர்ந்தருளுவார். வினையை மாற்றினால் நூலின் தகுதி மாறும். இராமலிங்க சுவாமிகளின் பாடல்கள் 1867இல் திருவருட்பா என்ற பெயரில் அச்சாகியபோது யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் எதிர்த்தது இதனால்தான். அருட்பா என்பது திருமுறைகளுக்கே உரியது என்பது அவர் கட்சி. பாடல் நல்லதா என்பதை விட, அதைப் பாடினார் என்பதா அருளினார் என்பதா என்பதே வழக்கு. அது 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போயிற்று. ஆங்கிலத்தில் இதை எழுதப் போனால், ‘அருளினார்’ என்பதற்கு ‘கம்போஸ்ட்’ என்று வரும். சண்டை எதைப் பற்றியது என்பதே வாசகருக்குப் புரியாது.

நாவலர் காண்டிகையுரை எழுதிய நன்னூலில், பிறர் கருத்தின்முன் ஒரு நூலாசிரியர் எடுக்கக்கூடிய நிலைகள் ஏழு மதம் என்று எண்ணப்பட்டுள்ளன. உடன்படலாம், மறுக்கலாம், முதலில் ஏற்றுப் பின் தள்ளலாம், தானே ஒன்றை நாட்டி நிறுவலாம், இருவர் மாறுபட்டால் ஒருவர் பக்கம் துணியலாம், பிறர் நூலின் குற்றம் காட்டலாம், எவரோடும் சேராமல் தன் கொள்கையையே கொள்ளலாம். மதம் என்ற சொல் அங்கே சமயத்தைக் குறிக்கவில்லை, கொள்கையைக் குறிக்கிறது. ஆங்கில எடுத்தாளும் வினைகள் முப்பதை எழுதி இந்த ஏழின்கீழ் வகுத்துப் பார்த்தால், ‘கன்கர்’, ‘ரிஜெக்ட்’, ‘கன்சீட்’, ‘மெய்ன்டெய்ன்’ எல்லாம் தத்தம் இடத்தில் போய் அமரும். ‘க்ளெய்ம்’ மட்டும் எங்கும் அமராது. உடன்படாமலும் மறுக்காமலும் நழுவுவது நன்னூலார் கணக்கில் ஒரு மதமாகவே இல்லை. தொல்காப்பியர் ‘என்ப’, ‘மொழிப’, ‘என்மனார்’ என்று முன்னோரைச் சுட்டும்போதும் நழுவல் இல்லை. அவர்கள் சொன்னது, நானும் அதையே கொள்கிறேன் என்று பொருள்.

காலமும் வினையோடு சேரும். வள்ளுவர் சொல்கிறார் என்று நிகழ்காலத்தில் எழுதுவது தமிழில் இயல்பு. வள்ளுவர் சொன்னார் என்றால் ஏதோ ஒரு நாள் நடந்த சம்பவம் போலாகிவிடுகிறது. ஆங்கிலத்தில் இலக்கியத் துறையின் எம்எல்ஏ நடை நிகழ்காலத்தை விரும்புகிறது. உளவியல் துறையின் ஏபிஏ நடை இறந்தகாலத்தை. விவிலியத்தில் கர்த்தர் சொல்லுகிறார் என்றே தீர்க்கதரிசிகளின் வாக்குகள் வரும். விசுவாசிக்கு அது இன்றும் சொல்லப்படுவது. வரலாற்றாசிரியர் அதையே இறந்தகாலத்தில் எழுதும்போது, இறைநம்பிக்கை பற்றி ஒரு சொல்லும் சொல்லாமலே தம் நிலையைச் சொல்லிவிடுகிறார்.

இரு தரப்பையும் நோகடிக்காமல் எழுத விரும்புவோர் இன்று கைக்கொள்வது செயப்பாட்டுவினை. கொழும்புத் தமிழ்ப் பத்திரிகைகளில் கோயில் வரலாற்றுக் கட்டுரை எதை எடுத்தாலும் ‘நம்பப்படுகிறது’, ‘கூறப்படுகிறது’ என்பவை வரிக்கு வரி வருகின்றன. யாரால் என்று கேட்டால் பதில் இல்லை. மணிமேகலையின் அளவைவாதி இதற்கு வைத்திருந்த பெயர் ஐதிகம், எடுத்துக்காட்டு மரத்துப் பேய்.